அது என் சைக்கிள்தான்! இனி என்ன செய்வது?

திருட்டுப் போன சைக்கிளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். சைக்கிள் பட்டறையிலேயே தலை நரைத்தவன் நான். இந்தக் கடிதங்களை வேகமாகப் படித்துத் தள்ள என்னால் முடியவில்லை. பலர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். எல்லோருடையதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

*கேள்வி: போன வருஷம் திருட்டுப் போன என் சைக்கிளை நேற்று நூலக வாசலில் பார்த்தேன் ஐயா. வேறு பூட்டு போட்டு நிறுத்தியிருந்தது. சீட்டையும் கைப்பிடி உறையையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் நான் கீழே விழுந்தபோது பின் மட்கார்டில் ஏற்பட்ட நெளிவு அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே நின்றேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்து பூட்டைத் திறந்து ஏறிப் போய்விட்டான். எனக்கு வாயே வரவில்லை. "கையோடு பிடித்து வாங்கியிருக்க வேண்டாமா" என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். அவன் தினமும் அங்கே வருவான் போலிருக்கிறது. நாளைக்கு நான் போனால் என்ன செய்யட்டும்? (ஒரு கல்லூரி மாணவி)*

அம்மா, வாய் வராமல் நின்றதற்காக வருத்தப்படாதீர்கள். அந்த நேரத்தில் அதைவிட நல்ல காரியம் எதையும் நீங்கள் செய்திருக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு திருடனை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நீங்கள் பார்த்தது ஒரு பள்ளிக்கூடப் பையனை.

முதலில் அது உங்கள் சைக்கிள்தானா என்று பார்ப்போம். மட்கார்டு நெளிவை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே மாடல், ஒரே நிறத்தில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் அடிபடுகிற இடங்களும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மட்கார்டு ஓரம், பெடல் முனை, ஹேண்டில்பார் நுனி, பிரேக் லீவர். அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஃபிரேம் நம்பர் வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் அது பெடல் மாட்டியிருக்கிற தண்டான கிராங்க் சுழல்கிற பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூட்டுக்கு அடியில் குத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் சீட் குழாயிலும், சிலவற்றில் ஹேண்டில் பொருந்துகிற முன் குழாயிலும், சிலவற்றில் பின்சக்கர அச்சு உட்காருகிற முனையிலும் இருக்கும். நிறுத்தி வைத்த சைக்கிளைத் தொடவே வேண்டியதில்லை. போனை அடியில் நீட்டி, ஃபிளாஷ் போட்டு இரண்டு மூன்று படம் எடுத்தால் போதும். அழுக்கும் கிரீஸும் மூடியிருந்தால் நம்பர் தெரியாது. அப்போது துடைத்துப் பார்க்கிற வேலையைப் போலீஸ் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த நம்பரை உங்கள் பில்லில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எட்டும் ஆங்கில 'பி'யும், சைபரும் 'ஓ'வும் குத்திய எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். கிராங்க்கிலும், சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பிலும் கூட எண்கள் உண்டு. அவை அந்தப் பாகத்தின் மாடல் எண்கள். ஒரே வகைப் பாகம் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு கம்பெனிகள் ஒரே நம்பரைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் நம்பர், கம்பெனி, மாடல், நிறம் நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

பில் தொலைந்துவிட்டதா? வாங்கிய கடையில் பழைய கணக்கில் நம்பர் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பழைய புகைப்படங்களைத் தேடுங்கள். அப்புறம், உங்கள் சைக்கிளை வழக்கமாகப் பழுது பார்த்தவரிடம் போய்க் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெக்கானிக்குக்குத் தன் கைவேலை தெரியும். பிரேக் கேபிள் நுனி பிரியாமலிருக்க நான் அதில் ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுவேன். அந்தப் பொட்டு இருந்தால், நிறம் எப்படி மாறியிருந்தாலும் அது என் பட்டறைக்கு வந்துபோன வண்டி என்று சொல்லிவிடுவேன். மாற்றிய ஸ்போக் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருக்கும். சீட் போஸ்ட்டை வெளியே இழுத்தால், எந்த உயரத்தில் அதை இறுக்கி ஓட்டினார்கள் என்று கோடு விழுந்திருக்கும். திருடுகிறவர்கள் சீட்டையும் பெல்லையும் மாற்றுவார்கள். இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள்.

சரி, நம்பர் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்குத் தெரிந்தது அது உங்கள் சைக்கிள் என்பது மட்டும்தான். அந்தப் பையனிடம் அது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திருடின சைக்கிளைத் திருடினவனே வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு அதே தெருக்களில் ஓட்டுவது அபூர்வம். சீக்கிரம் கைமாற்றிக் காசாக்கத்தான் பார்ப்பான். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றிருக்கலாம். கடைசியில் ஓர் அப்பா தன் மகன் பள்ளிக்கூடம் போக நல்ல விலைக்குப் பழைய சைக்கிள் கிடைத்ததே என்று சந்தோஷமாக வாங்கியிருக்கலாம். நீங்கள் நூலக வாசலில் "திருடன்!" என்று கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாலு பேர் கூடுவார்கள். அவர்களில் ஒருவராவது கை நீட்டுவார். அந்தப் பையன் அடி வாங்கி, அழுது, பள்ளிக்கூடம் முழுக்கத் திருடன் என்று பெயர் வாங்கியிருப்பான். உங்கள் சைக்கிள் திரும்பி வந்தாலும் அவனுக்கு நடந்ததைத் திருத்த யாராலும் முடியாது. நீங்கள் சும்மா நின்றது நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நாளைக்குப் போவதற்குள் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும்? சைக்கிள் திரும்ப வேண்டுமா, திருடினவன் பிடிபட வேண்டுமா, இரண்டுமா? இந்தத் தெளிவு இல்லாமல் பேச ஆரம்பித்தால் கோபம்தான் பேசும். திருடினவனைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பையனின் குடும்பம் உங்களுக்கு எதிரி இல்லை. யாரிடம் வாங்கினோம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்கள்தான்.

இனி செய்ய வேண்டியது. திருட்டுப் போனபோது போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை, புகார் இல்லாமல் அது திருட்டுப் பொருள் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். சைக்கிள் நிற்கும் இடம், நேரம், நம்பர் தெரிகிற படம், பழைய படம் எல்லாவற்றையும் போலீஸிடம் கொடுத்து, இந்த நேரத்துக்கு இங்கே வருகிறது என்று சொல்லுங்கள். அவர்கள் வந்தால் பேச்சை அவர்களிடம் விட்டுவிட்டு, பையன் பயந்துபோகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் உடனே வராமல் போகலாம். சைக்கிள் திருட்டு பல காவல் நிலையங்களில் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. அப்போது நீங்களே பேசலாம், ஆனால் பையனிடம் வழக்குப் பேசாதீர்கள். "சைக்கிள் நன்றாக இருக்கிறதே தம்பி, எங்கே வாங்கினீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "அப்பா வாங்கிக் கொடுத்தார்" என்று சொன்னால், அப்பாவிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லி, பெரியவர்களோடு உட்கார்ந்து பில்லையும் படத்தையும் காட்டுங்கள். பேச்சு சூடாகிறது, யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் அந்த நிமிஷமே விலகிவிடுங்கள். சைக்கிளுக்காக உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

பூட்டை உடைத்து எடுத்து வந்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அதைப் பார்க்கிறவர்களுக்கு நீங்கள்தான் திருடி. உங்கள் மேல் புகார் வந்தால், உங்கள் பொருளையே எடுத்ததற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விற்றவனைப் பற்றிய தடயமும் அதோடு போய்விடும். மேலே உங்கள் பூட்டையும் சேர்த்துப் போட்டு நகரவிடாமல் செய் என்பது இன்னொரு யோசனை. நம்பர் பொருந்தி, போலீஸுக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை நீங்களும் அங்கேயே நிற்பதாக இருந்தால் அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. எனக்கு அதுவும் பிடிக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், காரணம் தெரியாமல் பூட்டை இழுத்துக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய பழைய சைக்கிளை ஒருவர் வழிமறித்து, தன்னுடையது என்கிறார். ஃபிரேம் நம்பரும் அவர் காட்டிய பில்லும் ஒத்துப்போகின்றன. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. சைக்கிளை நான் ஏன் விட வேண்டும்? (ஒரு வாசகர்)*

உங்கள் ஆதங்கம் நியாயமானது. நீங்களும் ஏமாற்றப்பட்டவர்தான். ஆனால் தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்கு விற்க முடியாது என்பதுதான் உலகின் பல சட்டங்களின் அடிப்படை. திருடினவனுக்கு அந்த சைக்கிள் சொந்தமில்லை. அதனால் அவனிடம் வாங்கினவருக்கும், அவரிடம் வாங்கினவருக்கும் சொந்தமாகாது. நடுவில் எத்தனை நல்லவர்கள் கைமாற்றினாலும் கணக்கு அதுதான்.

இதற்கு விலக்குகள் உண்டு. நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் திறந்த சந்தையில் பகல் வெளிச்சத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கினால், அது திருட்டுப் பொருளாக இருந்தாலும் வாங்கினவருக்கே சொந்தம் என்று நூற்றாண்டுகளாக ஒரு விதி இருந்தது. 1995-இல்தான் அது ஒழிந்தது. பிரான்சில் பறிகொடுத்தவர் 3 ஆண்டுக்குள் கேட்டு வாங்கலாம், ஜப்பானில் 2 ஆண்டுக்குள். ஆனால் வாங்கினவர் சந்தையிலோ அந்தப் பொருளை விற்கும் வியாபாரியிடமோ நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், கொடுத்த விலையை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. ஜெர்மனியில் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் திருட்டுப் பொருள் பொதுவாக உங்களுக்குச் சொந்தமாகாது. இத்தாலியில் நேர் எதிர், நல்லெண்ணத்தோடு வாங்கினவர் பக்கம் சட்டம் நிற்கிறது. ஒவ்வொரு நாடும் தன் மனசாட்சிப்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்தில் என்ன விதி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் எப்படி இருந்தாலும் இனி ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவசரமாக வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள். நேற்று வரை உங்களுக்குத் தெரியாது, இன்று தெரியும். தெரிந்த பிறகு விற்றால் குற்றம் உங்கள் மேல் வரும். அவரும் நீங்களும் சேர்ந்தே காவல் நிலையம் போங்கள். விற்றவரோடு நடந்த பேச்சு, பணம் அனுப்பிய விவரம், போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுங்கள். உங்கள் பணத்தை நீங்கள் கேட்க வேண்டியது விற்றவரிடம். கையில் ரசீது இருந்தால் அந்த வழி கொஞ்சம் எளிது. சைக்கிளை ஒப்படைத்தால், யாரிடம் எப்போது ஒப்படைத்தீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*கேள்வி: திருட்டுப் போன என் சைக்கிள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. "இது என்னுடையது, மரியாதையாகத் திருப்பிக் கொடு" என்று எழுதப்போகிறேன். சரிதானே? (ஒரு வாசகி)*

அனுப்பாதீர்கள் அம்மா. அனுப்பிய மறு நிமிஷம் விளம்பரம் காணாமல் போகும், விற்பவரும் காணாமல் போவார். முதல் வேலையாக விளம்பரத்தின் முழுப் பக்கத்தையும் படமாகச் சேமியுங்கள். விற்பவர் பெயர், போட்ட தேதி, போன் நம்பர், பக்கத்தின் முகவரி எல்லாம் அதில் தெரிய வேண்டும். அதே ஆள் வேறு என்ன விற்கிறார் என்றும் பாருங்கள். பல சைக்கிள்களை அரைகுறை விவரத்தோடு விற்கிறார் என்றால் போலீஸுக்கு அது முக்கியமான தகவல்.

பிறகு வாங்க வருகிறவராகவே பேசலாம். செயினும் கிராங்க்கும் தேய்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும், கிட்டத்தில் படம் அனுப்புங்கள் என்பது பழைய சைக்கிள் வாங்குகிற யாரும் கேட்கிற கேள்விதான். நம்பரைக் காட்டு என்று நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவார். கிடைத்ததையெல்லாம் புகார் நகலோடு போலீஸிடம் கொடுத்து, சந்திப்பு ஏற்பாடு செய்யலாமா என்று அவர்களையே கேளுங்கள். தனியாகப் போகவே கூடாது, அதுவும் அவர் சொல்கிற வீட்டுக்கோ சந்துக்கோ.

வம்பு வேண்டாம், காசைக் கொடுத்தே திரும்ப வாங்கிவிடலாம் என்று தோன்றும். அப்படி வாங்கினவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காசு அடுத்த பூட்டை அறுக்கிறவன் கைக்குத்தான் போகிறது.

*கேள்வி: நிறம் மாற்றி, நம்பரையும் தேய்த்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாதா? (ஒரு பள்ளி ஆசிரியர்)*

முடியும் ஐயா. மேலே பெயிண்ட் அடிக்கிறவர்கள் சைக்கிளை முழுசாகக் கழற்றுவதில்லை. சீட் குழாயின் வாய்க்குள்ளே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் குழாய் உள்ளே நுழைகிற இடத்தில், பிரேக் போல்ட் போகிற துளையில், பி.பி. கப்புக்குப் பின்னால் பழைய நிறம் அப்படியே ஒளிந்திருக்கும். கழற்றத் தெரிந்தவர் கையில் போலீஸ் முன்னிலையில் கொடுத்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். நம்பரைத் தேய்த்தாலும் அது முழுக்க அழிந்துவிடாது. எண்ணைக் குத்தும்போது அந்த அழுத்தம் எழுத்தின் ஆழத்தையும் தாண்டி உலோகத்துக்குள் இறங்குகிறது. மேற்பரப்பை மட்டும் தேய்த்திருந்தால், தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி, அழுந்திய உலோகம் வேறு மாதிரி அரிபடுவதை வைத்து நம்பரைத் திரும்ப வரவழைக்க முடியும். மிக ஆழமாக அரைத்திருந்தால் கிடைக்காது. ஒரு சைக்கிளுக்காக ஆய்வகம் வரை போவார்களா என்பது வேறு விஷயம். பெரிய கும்பல் பிடிபட்டால் போவார்கள். நம்பர் தேய்க்கப்பட்ட சைக்கிளே சந்தேகத்துக்குரியதுதான். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னும் எளிமையான வழி ஒன்று இருக்கிறது. பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, சீட் போஸ்ட்டைக் கழற்றிக் குழாய்க்குள்ளே போட்டுவிடுங்கள். ஹேண்டில்பார் கைப்பிடிக்குள்ளும் ஒன்று வையுங்கள். போடுகிறபோது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் பட்டறைக்கு வந்த புது சைக்கிள்களுக்கு இதைச் செய்யாமல் நான் அனுப்பியதில்லை. இரண்டு பேர் ஒரே சைக்கிளை என்னுடையது என்று சொல்கிறபோது, உள்ளே சீட்டு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி எடுத்துக் காட்டுகிறவருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

*கேள்வி: காப்பீட்டுப் பணம் வாங்கிவிட்டேன். இப்போது சைக்கிளைப் பார்த்துவிட்டேன். எடுத்துக்கொள்ளலாமா?*

பணம் வாங்கியபோது கையெழுத்திட்ட தாள்களைப் பாருங்கள். இழப்பீடு முழுசாகக் கொடுத்த பிறகு பொருள் கிடைத்தால், பொதுவாக அது காப்பீட்டு நிறுவனத்தைச் சேரும். அவர்களிடம் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு சைக்கிளை வைத்துக்கொள்ளப் பல நேரங்களில் சம்மதிப்பார்கள். சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்வது மோசடி.

*கேள்வி: உங்கள் பகுதியைப் படித்துவிட்டு ஃபிரேம் நம்பரை வைத்துத் தேடினேன் ஐயா. சைக்கிள் திரும்பக் கிடைத்துவிட்டது! இனி என்ன? (ஒரு தபால் ஊழியர்)*

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வாழ்த்துகள்!

உடனே ஏறி வேகமாக ஓட்டிவிடாதீர்கள். யார் யார் எப்படி ஓட்டினார்களோ தெரியாது. இரண்டு சக்கரங்களின் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் தலையில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். பக்கவாட்டில் நின்று ஃபோர்க் பின்னுக்கு வளைந்திருக்கிறதா பாருங்கள். எங்கேயாவது மோதியிருந்தால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும். முன் குழாய்க்கு அடியில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் ஃபிரேம் அடிபட்டிருக்கிறது. மெக்கானிக் பார்க்கும் வரை ஓட்டவே வேண்டாம். பிரேக் கட்டையும் கேபிளும் புதுசாகவே போட்டுவிடுங்கள்.

அப்புறம், போலீஸிடம் சைக்கிள் கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, ஒப்படைத்ததற்கான தாளை வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு சைக்கிள் பட்டியல் எதிலாவது பதிந்திருந்தால் அந்தப் பதிவையும் நீக்குங்கள். பைக் இன்டெக்ஸ் போன்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் நம்பரைப் போட்டுத் தேடலாம். நெதர்லாந்தில் வாகனப் பதிவுத் துறையே திருட்டு சைக்கிள்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஜப்பானில் எல்லா சைக்கிளையும் பதிவு செய்தாக வேண்டும், தெருவில் போலீஸ் நிறுத்தி அந்தப் பதிவு எண்ணைச் சரிபார்ப்பதும் உண்டு. பட்டியலில் பெயர் நிற்கும் வரை, உங்கள் சொந்த சைக்கிளில் போகிற உங்களையே யாராவது நிறுத்திக் கேட்பார்கள். அந்த ஒப்படைப்புத் தாளைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள்.